கூட்டல் வைரம் சொல்வதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது: பணிப்பாய்வுப் படங்களில் பேரலல் வேலைகள்

வீட்டுக் கடன் விண்ணப்பம் பதிவானதும் வங்கிக்குள் ஒரே நேரத்தில், அதாவது பேரலலாக, மூன்று வேலைகள் கிளம்புகின்றன. சிபில் அறிக்கை எடுக்க வேண்டும். பத்திரம், தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் பேனல் வழக்கறிஞரிடம் போய், அவர் சட்டக் கருத்து எழுதித் தர வேண்டும். மதிப்பீட்டாளர் இடத்தை நேரில் பார்த்து மதிப்பு போட வேண்டும். மூன்றும் வந்து சேர்ந்த பிறகு மேலாளர் முடிவெடுப்பார். இதை பி.பி.எம்.என். (பணிப்பாய்வுகளை வரைவதற்கான பொதுக் குறியீட்டு முறை) படமாக வரைவது ஐந்து நிமிட வேலை: கூட்டல் குறி போட்ட ஒரு வைர வடிவக் கட்டம், அதிலிருந்து மூன்று அம்புகள், அந்தப் பக்கம் மூன்றையும் வாங்கிக்கொள்ள இன்னொரு கூட்டல் வைரம்.

அந்தச் சின்னக் குறி பெரிய விஷயத்தைச் சொல்கிறது. இந்த மூன்று வேலைகளும் எந்த வரிசையில் நடந்தாலும், ஒன்றோடொன்று எப்படிப் பின்னிக்கொண்டு நடந்தாலும், கோப்பு எங்கும் சிக்காது, எந்த வேலையும் இரண்டு முறை நடக்காது, கடைசியில் கிடைக்கும் முடிவும் மாறாது என்கிறது. நான்கு பேர் உட்கார்ந்து படத்தைப் பார்த்து, சரியாகத்தான் இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டால் அது உண்மையாகிவிடுமா? ஜெர்மானிய வணிக மென்பொருள் நிறுவனமான எஸ்.ஏ.பி.யின் மாதிரித் தொகுப்பில் இருந்த 604 படங்களை 2006-இல் ஆய்வாளர்கள் கருவி வைத்துச் சோதித்தார்கள். நிபுணர்கள் வரைந்த அந்தப் படங்களில் குறைந்தது 5.6 சதவீதத்தில் முட்டுக்கட்டை (வேலை மேலே நகராமல் நின்றுவிடுவது) போன்ற பிழைகள் இருந்தன. கண் ஒரு நேரத்தில் ஒரு பாதையைத்தான் பின்தொடரும். பேரலல் பிழைகளோ இரண்டு பாதைகளுக்கு நடுவே ஒளிந்திருப்பவை. அதனால்தான் இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கிறோம்.

கணக்குக்கான அடித்தளம் ஜெர்மானியக் கணித அறிஞர் கார்ல் ஆடம் பெட்ரி 1962-இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் போட்டது. பெட்ரி வலையில் இரண்டே உருப்படிகள்: வட்டம், பெட்டி. வேலை எதுவரை வந்திருக்கிறது என்று காட்டும் புள்ளியான டோக்கன் வட்டத்தில் உட்காரும். பெட்டிக்குள் நுழையும் அம்புகள் எந்தெந்த வட்டத்திலிருந்து வருகின்றனவோ, அவை எல்லாவற்றிலும் டோக்கன் இருந்தால்தான் பெட்டி இயங்கும். இயங்கினால் அந்த வட்டங்களில் ஒவ்வொரு டோக்கனை எடுத்துக்கொண்டு, வெளியே போகும் அம்புகளின் வட்டங்களில் ஒவ்வொன்று வைக்கும். விதி இவ்வளவுதான். 1990-களில் டச்சுக் கணினி அறிஞர் வில் வான் டெர் ஆல்ஸ்ட் இதை அலுவலகப் பணிப்பாய்வுகளுக்குப் பொருத்தினார். ஒரே தொடக்க வட்டம், ஒரே முடிவு வட்டம், மற்ற எல்லாம் இவை இரண்டுக்கும் நடுவில் உள்ள ஏதோ ஒரு பாதையில் இருக்க வேண்டும்.

நம் கடன் படத்தை மாற்றிப் பார்ப்போம். பணி ஒவ்வொன்றும் பெட்டி. கூட்டல் வைரமும் பெட்டிதான். அம்புகள் வட்டங்களாகின்றன. (இதில் ஒரு வழியை மட்டும் தேர்ந்தெடுக்கும் பெருக்கல் குறி வைரம் இல்லை; இருந்தால் அது வட்டமாகும்.) பதிவு, பிரிப்பு, சிபில், சட்டம், மதிப்பீடு, இணைப்பு, முடிவெடுத்தல் என்று 7 பெட்டிகள். தொடக்கம், பதிவுக்குப் பின், மூன்று கிளைகளிலும் வேலைக்கு முன்னும் பின்னுமாக ஆறு, இணைப்புக்குப் பின், முடிவு என்று 10 வட்டங்கள். தொடக்கத்தில் ஒரு டோக்கனை வைத்து ஓட்டினால், வலை மொத்தம் 12 நிலைகளில் இருக்க முடியும் (எந்தெந்த வட்டத்தில் டோக்கன் இருக்கிறது என்பதே நிலை). பிரிப்புக்கு முன் இரண்டு, இணைப்புக்குப் பின் இரண்டு, நடுவில் 8. மூன்று கிளைகளும் தனித்தனியே 'ஆகவில்லை', 'ஆயிற்று' என்ற இரண்டில் ஒன்றில் இருப்பதால் 2×2×2.

இந்த எட்டு எங்கே போய் முடியும் என்பதையும் பார்த்துவிடுவது நல்லது. கிளைகள் 10 ஆனால் 1,024 நிலைகள். 20 ஆனால் 10,48,576. மனையைப் பார்ப்பது போன்ற நாள்கணக்கில் நீளும் வேலையைத் 'தொடங்கியது', 'முடிந்தது' என்று இரண்டாகப் பிரித்து வரைந்தால் கிளைக்கு மூன்று நிலைகள். 20 கிளைக்கு 348 கோடியைத் தாண்டும். எல்லா நிலைகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் முறை இங்கேதான் மூச்சு வாங்குகிறது.

செம்மை என்றால் என்ன

சரியான படத்துக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. மூன்றும் சேர்ந்ததை ஆங்கிலத்தில் சவுண்ட்னஸ் என்பார்கள். செம்மை என்று வைத்துக்கொள்வோம். வலை எந்த நிலையில் இருந்தாலும் அங்கிருந்து முடிவு வட்டத்தை அடைய வழி இருக்க வேண்டும். முடிவு வட்டத்துக்கு டோக்கன் வந்த நொடியில் வேறெங்கும் டோக்கன் மிச்சம் இருக்கக் கூடாது. ஒருபோதும் இயங்கவே முடியாத பெட்டி படத்தில் இருக்கக் கூடாது.

மேலே சொன்ன படம் செம்மையானது. நடைமுறையில் அது அப்படியே இருப்பதில்லை. ஆறு மாதம் கழித்து யாராவது ஒரு அம்பு சேர்ப்பார்கள். அடிக்கடி நடக்கும் மூன்று சேர்க்கைகளைப் பார்க்கலாம்.

முதலாவது, கிளைக்குள்ளிருந்து நேராக வெளியேறுவது. வில்லங்கச் சான்றில் பழைய அடமானம் ஒன்று தெரிகிறது. சொத்தில் வில்லங்கம் இருக்கும்போது எதற்கு மற்றதெல்லாம் என்று, சட்டக் கருத்துக்குப் பிறகு ஒரு பெருக்கல் வைரம் வைத்து, 'குறை உண்டு' என்ற அம்பை மறுப்புக் கடிதத்துக்கும் அங்கிருந்து முடிவு வட்டத்துக்கும் இழுக்கிறார்கள். யோசனை நியாயமானது. ஆனால் டோக்கன்களைப் பாருங்கள்: முடிவு வட்டத்தில் ஒன்று, சிபில் கிளையின் வால் வட்டத்தில் (வேலைக்குப் பின்னுள்ள வட்டம்) ஒன்று, மதிப்பீட்டுக் கிளையின் வால் வட்டத்தில் ஒன்று. இணைப்புப் பெட்டி மூன்றாவது டோக்கனுக்காகக் காத்திருக்கும், அது வராது. வாடிக்கையாளர் கையில் மறுப்புக் கடிதம் இருக்கிறது, கோப்போ கணினியில் 'நடப்பில்' இருக்கிறது. அதைவிட மோசம், மதிப்பீட்டாளரின் பட்டியலில் அந்த வேலை இன்னும் இருந்தால், மூடிய கோப்புக்காக அவர் வண்டி எடுத்துக்கொண்டு மனையைப் பார்க்கப் போவார்.

இரண்டாவது, இணைப்பு வைரத்தை விட்டுவிடுவது. மூன்று அம்புகளையும் நேராக 'முடிவெடுத்தல்' பணிக்குள் செருகிவிடுகிறார்கள். பார்க்க முன்னதைப் போலவேதான் இருக்கும். ஆனால் பி.பி.எம்.என். விதிப்படி, பணிக்குள் பல அம்புகள் நேரடியாக நுழைந்தால் ஒவ்வொரு டோக்கனுக்கும் அந்தப் பணி ஒருமுறை நடக்கும். வெளியே போகும் பக்கத்தில் விதி வேறு: நிபந்தனை இல்லாத பல அம்புகள் பணியிலிருந்து வெளியேறினால் எல்லாமே ஒன்றாக டோக்கன் பெறும். உள்ளே ஒரு விதி, வெளியே ஒரு விதி என்ற இந்த முரணில்தான் பலர் சறுக்குகிறார்கள். விளைவு, மேலாளரின் திரையில் ஒரே கோப்பு மூன்று முறை வரும். முதல் முறை வரும்போது சட்டக் கருத்தே இல்லாமல் இருக்கலாம்.

மூன்றாவது, திருப்பி அனுப்புவது. மதிப்பு போதாது, மறுபடி பாருங்கள் என்று மேலாளர் சொல்ல, முடிவெடுத்தலிலிருந்து மதிப்பீட்டுக் கிளைக்குள் ஒரு அம்பு திரும்பிப் போகிறது. மதிப்பீட்டாளர் இரண்டாவது அறிக்கை தருகிறார். டோக்கன் இணைப்புக்கு வருகிறது, நிற்கிறது. சிபில் டோக்கனும் சட்ட டோக்கனும் முதல் சுற்றிலேயே தீர்ந்துபோயின. முட்டுக்கட்டை. மறுமதிப்பீட்டை இணைப்புக்குப் பின்னால் தனிப் பணியாக வைத்து, அங்கேயே சுற்றி வரச் செய்வதுதான் சுத்தமான தீர்வு.

முதல் பிழைக்கும் தீர்வைச் சொல்லிவிடுகிறேன். 'குறை உண்டு' என்பதை அம்பாக வரையாமல் தகவலாக எழுதுங்கள். சட்டக் கிளை எப்போதும் இணைப்புக்கே வரட்டும். இணைப்புக்குப் பிறகு அந்தத் தகவலைப் பார்த்து வழி பிரியட்டும். உடனே நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் எல்லாவற்றையும் ஒரேயடியாக முடிக்கும் டெர்மினேட் முடிவு உண்டு. அதற்கு விலை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

நிலைகளை எண்ணாமல் பிழையைப் பிடிப்பது

ஆல்ஸ்ட் 1997-இல் காட்டிய ஒரு தேற்றம் இங்கே கைகொடுக்கிறது. முடிவு வட்டத்திலிருந்து தொடக்க வட்டத்துக்கு ஒரு 'திரும்பு' பெட்டி போட்டு வலையைச் சக்கரமாக்குங்கள். மூல வலை செம்மையாக இருந்தால், அப்போது மட்டும்தான், இந்தச் சக்கரத்தில் எந்தப் பெட்டியும் நிரந்தரமாகச் செத்துப்போகாது, எந்த வட்டத்திலும் டோக்கன் எல்லையில்லாமல் குவியாது. இந்த இரண்டு பண்புகளும் பெட்ரி வலைக்காரர்கள் பல காலமாக ஆராய்ந்து கருவி செய்து வைத்திருப்பவை.

சக்கரத்தை ஒரு முழுச் சுற்று ஓட்டி பழைய நிலைக்கே கொண்டுவர வேண்டுமானால், ஒவ்வொரு வட்டத்திலும் வரவும் செலவும் சமமாக வேண்டும். முதல் பிழையில் அதை எழுதிப் பார்க்கலாம். பதிவு க முறை நடந்தது என்க. பிரிப்பும் க முறை, சிபிலும் க முறை. சிபில் கிளையின் வால் வட்டம் சமமாக, இணைப்பும் க முறை நடக்க வேண்டும். இணைப்பு ஒவ்வொரு முறையும் 'குறை இல்லை' வழியிலிருந்து ஒரு டோக்கன் எடுப்பதால் அதுவும் க முறை. ஆனால் சட்டக் கருத்து மொத்தமே க முறைதான் நடந்தது. அப்படியானால் மறுப்புக் கடிதம் 0 முறை. மறுப்புக் கடிதம் ஒரு முறை போனால்கூட வலை பழைய நிலைக்குத் திரும்பாது என்று கூட்டல் கழித்தலிலேயே தெரிந்துவிட்டது. இரண்டாவது பிழையில் முடிவெடுத்தல் 3க முறை, அதனால் திரும்பு 3க முறை, பதிவும் 3க முறை; பதிவு க என்று தொடங்கினோம், எனவே க = 0. ஒரு நிலையைக்கூட எண்ணவில்லை.

இதன் முழு வடிவம்தான் தரத் தேற்றம். பிளஸ் டூ கணிதத்தில் படித்த அதே அணியின் தரம். வட்டங்களை வரிசைகளாகவும் பெட்டிகளை நிரல்களாகவும் வைத்து, எடுப்பதற்கு −1, வைப்பதற்கு +1 என்று அணி எழுதுங்கள். உள்ளீட்டு வட்டங்களைப் பகிர்ந்துகொள்ளும் பெட்டிகளை ஒரு கொத்தாகச் சேருங்கள். வரவு செலவு சமன்பாடுகளுக்கு எல்லா எண்களும் 0-க்கு மேலான விடை இருந்து, அணியின் தரம் கொத்துகளின் எண்ணிக்கையைவிடச் சரியாக ஒன்று குறைவாக இருந்தால் வலையின் கட்டமைப்பு நல்லது. நம் மூலப் படத்தில் திரும்பு பெட்டியோடு 8 பெட்டிகள், 8 கொத்துகள், தரம் 7. பொருந்துகிறது. முதல் பிழையுள்ள படத்தில் 10 பெட்டிகள், 9 கொத்துகள். தரம் 8 வர வேண்டும், 9 வருகிறது. கட்டமைப்பு சரியானபின், தொடக்க டோக்கன் ஒன்றே எல்லாப் பகுதிகளையும் உயிரோடு வைக்கப் போதுமா என்று மட்டும் பார்க்க வேண்டும். அதுவும் விரைவாக முடியும்.

இந்தத் தேற்றம் எல்லா வலைகளுக்கும் செல்லாது. கட்டற்ற தேர்வு கொண்ட வலைகளுக்கு மட்டும். இரண்டு பெட்டிகள் ஒரு வட்டத்தைப் பகிர்ந்தால், அவற்றின் உள்ளீட்டு வட்டங்கள் எல்லாமே ஒன்றாக இருக்க வேண்டும் என்பது அந்தக் கட்டுப்பாடு. கூட்டல் வைரமும் பெருக்கல் வைரமும் மட்டும் வைத்து வரைந்த படம் தானாகவே இந்த வகையில் விழும். என்னைக் கேட்டால், படத்தை இந்த வகைக்குள் வைத்துக்கொள்வதுதான் வரைபவர் எடுக்கும் முடிவுகளிலேயே அதிகப் பலன் தருவது. 2009-இல் 735 உண்மையான நிறுவனப் படங்களை மூன்று வெவ்வேறு முறைகளில் சோதித்த ஆய்வில், ஒரு படத்துக்குச் சில மில்லிநொடிகளே தேவைப்பட்டன. அதாவது, வரைந்துகொண்டிருக்கும்போதே எழுத்துப்பிழை திருத்தி போலப் பிழையைக் காட்ட முடியும்.

செம்மை போதாது: தகவல் மோதல்

இத்தனையும் டோக்கனைப் பற்றி. டோக்கன் சரியாக ஓடியும் கடன் தொகை தவறாக வரலாம்.

மூன்று கிளைகளோடு நான்காவதாக 'தகுதித் தொகை கணக்கிடு' என்ற பணியைச் சேர்க்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்திய ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 சதவீதம் வரைதான் தரலாம். விண்ணப்பதாரர் மதிப்பு 60 லட்சம் என்று எழுதியிருக்கிறார். பதிவில் அந்த எண் 'சொத்து மதிப்பு' என்ற புலத்தில் ஏறியது. மதிப்பீட்டாளர் 52 லட்சம் என்று அதே புலத்தை மாற்றுகிறார். கணக்கீடு முதலில் ஓடினால் 48 லட்சம். மதிப்பீடு முதலில் முடிந்தால் 41.6 லட்சம். ஒரே கோப்பு, ஒரே படம், 6.4 லட்சம் வித்தியாசம். படம் முழுக்க முழுக்கச் செம்மையானது. எந்தச் செம்மைச் சோதனையும் இதைப் பிடிக்காது. மென்பொருளை ஓட்டிப் பார்க்கும் சோதனையிலும் பெரும்பாலும் தப்பிவிடும், ஏனென்றால் சோதிப்பவர் திரையில் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு போவார், மதிப்பீடு முதலில் முடிந்துவிடும். உண்மையில் கணக்கீட்டுக்குச் சில நொடி, மனை பார்ப்பதற்குச் சில நாள்.

இதைப் பிடிக்க, எந்தப் பணிகள் உண்மையிலேயே ஒரே நேரத்தில் நடக்கக்கூடும் என்ற பட்டியல் முதலில் வேண்டும். படத்தில் மேலும் கீழுமாக இருப்பதால் பேரலல் ஆகிவிடாது. தூரத்தில் இருப்பதால் இல்லையென்றும் ஆகிவிடாது. பெட்ரி வலை ஆய்வாளர்கள் கோவல்யோவும் எஸ்பார்ஸாவும் 1990-களில் கொடுத்த முறை கையாலேயே போடும் அளவுக்கு எளிது. ஒரு பெட்டி ஒரே நேரத்தில் டோக்கன் வைக்கும் வட்டங்களை ஜோடி ஜோடியாக எழுதுங்கள். பிறகு ஒரே விதி: ஒரு வட்டம், ஏதேனும் ஒரு பெட்டியின் எல்லா உள்ளீட்டு வட்டங்களோடும் ஜோடியாக இருந்தால், அந்தப் பெட்டியின் வெளியீட்டு வட்டங்களோடும் அதை ஜோடி சேருங்கள். புது ஜோடி வராதவரை தொடருங்கள்.

மூன்று கிளைப் படத்தில் பிரிப்பு முதல் 3 ஜோடிகளைத் தருகிறது. 'சட்டத்துக்கு முன்' வட்டம் 'சிபிலுக்கு முன்' வட்டத்தோடு ஜோடி, சிபில் பெட்டிக்கு அது ஒன்றே உள்ளீடு, ஆகவே 'சிபிலுக்குப் பின்' வட்டத்தோடும் ஜோடி. இப்படியே பரவி 12 ஜோடிகளில் நிற்கும். இணைப்பைத் தாண்டாது, ஏனென்றால் அதன் மூன்று உள்ளீடுகளோடும் ஒருசேர ஜோடியான வட்டம் எதுவும் இல்லை. செம்மையான கட்டற்ற தேர்வு வலையில் இந்த விடை துல்லியமானது; நேரம் வலையின் அளவின் முப்படிக்குள் அடங்கும். மற்ற வலைகளில் இது நடக்கவே முடியாத சில ஜோடிகளையும் சேர்த்துச் சொல்லும், ஆனால் எதையும் தவறவிடாது. எச்சரிக்கைக்கு அது போதும்.

பிறகு ஒவ்வொரு பணிக்கும் படிக்கும் புலங்கள், எழுதும் புலங்கள் என்று இரண்டு பட்டியல்கள். பேரலல் ஜோடியில் ஒன்று எழுதுவதை மற்றொன்று படித்தாலோ எழுதினாலோ மோதல். மேலே சொன்னது எழுது–படி மோதல். எழுது–எழுது மோதல் இன்னும் சத்தமில்லாதது: மூன்று கிளைகளும் 'விண்ணப்ப நிலை' என்ற ஒரே புலத்தில் எழுதும், வழக்கறிஞர் 'குறை உண்டு' என்று போட்ட அரைமணியில் மதிப்பீட்டாளரின் 'சரிபார்க்கப்பட்டது' அதை அழித்துவிடும். கிளைக்கொரு புலம் வைத்து, இணைப்புக்குப் பின் ஒரே இடத்தில் அவற்றைச் சேர்ப்பது இதற்கு மருந்து. எழுது–படி மோதலுக்கு மருந்து வேறு: படிக்கும் பணியை எழுதும் பணிக்குப் பின்னால் நகர்த்த வேண்டும். பேரலல் குறைகிறதே என்று சிலர் தயங்குவார்கள். அங்கே பேரலல் என்று ஒன்று முதலிலேயே இருந்ததில்லை.

பட்டியல் எழுதுவதுதான் இதில் கடினமான வேலை. பணியின் பெயர் அது எந்தப் புலத்தைத் தொடுகிறது என்று சொல்லாது. திரைப் படிவத்தையும் சேவை அழைப்பையும் திறந்து பார்த்தே எழுத வேண்டும்.

உத்தரவாதம் எங்கே நிற்கிறது

டெர்மினேட் முடிவு, பல பணிகள் அடங்கிய உட்பணிப்பாய்வின் ஓரத்தில் ஒட்டிய குறுக்கீட்டு நிகழ்வு இவையெல்லாம் எங்கெங்கோ இருக்கும் டோக்கன்களை ஒரே வீச்சில் துடைப்பவை. வலையில் இவற்றுக்கு ரீசெட் அம்புகள் வேண்டும். ரீசெட் அம்புள்ள வலைகளுக்குப் பொதுவாகச் செம்மையைத் தீர்மானிக்கும் நிரலே எழுத முடியாது என்று நிரூபித்திருக்கிறார்கள். டோக்கன் எண்ணிக்கைக்கு எல்லை உண்டு என்று தெரிந்தால் நிலைகளை எண்ணிப் பார்க்கலாம், ஆனால் மில்லிநொடிக் கணக்கு போய்விடும். டெர்மினேட்டுக்கு விலை உண்டு என்றது இதைத்தான்.

வட்டக் குறி போட்ட ஆர் இணைப்பு (டோக்கன் வரக்கூடிய அம்புகளுக்கு மட்டும் காத்திருக்கும் வைரம்) வேறு வகைச் சிக்கல். இனி டோக்கன் வர வாய்ப்புள்ளதா என்று அது படம் முழுவதையும் பார்த்து முடிவு செய்ய வேண்டும். ஒரு சுற்றுக்குள் இரண்டு ஆர் இணைப்புகள் இருந்தால் ஒன்று மற்றொன்றுக்காகக் காத்திருக்கும். யார் முதலில் நகர்வது என்பதற்கு விடை இல்லாமல் போகலாம். கூட்டலும் பெருக்கலும் போதும் என்ற இடத்தில் இதைப் போடவே வேண்டாம்.

மூலப் பத்திரக் கட்டு ஒன்றே ஒன்று, வழக்கறிஞருக்கும் வேண்டும், மதிப்பீட்டாளருக்கும் வேண்டும் என்றால் படம் பேரலல் என்று சொன்னாலும் வேலை அப்படி நடக்காது. கட்டை ஒரு டோக்கன் உள்ள வட்டமாக வரைந்தால் இது வெளிப்படும். ஆனால் அந்த வட்டத்தைப் பகிரும் இரண்டு பெட்டிகளுக்கும் வேறு உள்ளீடுகள் வேறாக இருப்பதால் கட்டற்ற தேர்வு உடைகிறது. எனவே முதலில் கட்டு இல்லாத வலையைச் சமன்பாட்டால் சோதித்துவிட்டு, பிறகு கட்டைச் சேர்த்து லோலா போன்ற நிலை எண்ணும் கருவியில் ஓட்டுவது நல்லது. முதல் சுற்றிலேயே விழும் படத்துக்கு இரண்டாவது சுற்றின் நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை.

கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கும் கோப்புகள். சிபில் மோசமாக இருந்தால் வழக்கறிஞர் கட்டணம் வீண் என்று, மூன்று பேரலல் வேலைகளையும் சிபில், சட்டம், மதிப்பீடு என்று வரிசையாக்க முடிவெடுக்கிறார்கள். புதுப் படம் செம்மைதான். பழைய படத்தின் நடுவில் 8 நிலைகள் இருந்தன. புதுப் படத்தில் அவற்றில் 4 மட்டுமே உண்டு: எதுவும் ஆகவில்லை, சிபில் மட்டும், சிபிலும் சட்டமும், மூன்றும். சட்டக் கருத்து வந்து சிபில் வராத கோப்பைப் புதுப் படத்தில் எங்கே வைப்பது? சிபிலுக்கு முன் வைத்தால் வழக்கறிஞருக்கு இரண்டாவது முறை கட்டணம் போகும். சட்டத்துக்குப் பின் வைத்தால் சிபில் பார்க்காமலே கடன் அனுமதியாகலாம். மாற்றத்துக்கு முன் எல்லாக் கோப்புகளின் டோக்கன் நிலைகளையும் எடுத்து, பொருந்தும் நான்கில் இருப்பவற்றை மட்டும் புதுப் பதிப்புக்கு நகர்த்துங்கள். மற்ற நான்கில் இருப்பவை இணைப்பைத் தாண்டும்வரை பழைய படத்திலேயே ஓடி முடியட்டும்.